ஃபோகஸ் வளையத்தின் இறுக்கம்: ஒரு பழைய லென்ஸைப் பற்றிய நினைவுகள்

ரேஞ்ச்ஃபைண்டர் எனப்படும் தொலைவுமானிக் கேமராவில் படமெடுப்பவர் லென்ஸ் வழியாகக் காட்சியைப் பார்ப்பதில்லை. லென்ஸுக்கு மேலே தனியாக அமைந்த ஒரு சாளரத்தின் வழியாகவே பார்க்கிறார். அந்தச் சாளரத்தின் நடுவில் தெரியும் சிறு ஒளிக்கட்டத்தில், சற்றுத் தள்ளியிருக்கும் இரண்டாவது சாளரத்திலிருந்து வரும் பிம்பம் முதல் பிம்பத்தின்மீது விழுகிறது. லென்ஸைச் சுற்றியுள்ள ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டாவது பிம்பம் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் நின்றால் தொலைவு சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். வளையம் திரும்பும்போது லென்ஸ் முன்னும் பின்னும் நகர, கேமராவின் உள்ளே லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு நெம்புகோல் அந்த நகர்வை உணர்ந்து, பிம்பத்தைத் தள்ளும் கண்ணாடியை அசைக்கிறது. 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அறிமுகமான முதல் லைக்காவில் இந்த இணைப்பு இல்லாததால், தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டோ தனிக் கருவியால் அளந்தோ வளையத்தில் வைக்க வேண்டியிருந்தது. 1932இல் வெளிவந்த லைக்கா இரண்டாம் மாதிரியும், அதே ஆண்டில் சைஸ் ஐகான் நிறுவனம் கொண்டுவந்த காண்டாக்ஸும் தொலைவுமானியையும் லென்ஸையும் இணைத்த பின்னரே, வளையத்தைத் திருப்பும் விரலும் பார்க்கும் கண்ணும் ஒரே வேலையில் சேர்ந்தன.

இந்த இணைப்பின் விளைவாக, வளையம் எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்பது வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடாமல், படத்தின் துல்லியத்தையே தொடுவதாயிற்று. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று முடிவிலாத் தொலைவிலிருந்து 1 மீட்டருக்கு வரும்போது முன்னோக்கி நகரும் மொத்த அளவு ஏறத்தாழ 2.6 மி.மீ. மட்டுமே. வளையம் இந்த முழு நகர்வுக்கும் அரைவட்டம் சுழல்வதாகக் கொண்டால், 1 மீட்டர் அருகே வளையத்தின் ஒரு பாகை ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் தொலைவை மாற்றும். எஃப் 2 என்னும் பெரிய துளையில் அந்தத் தொலைவில் தெளிவாக விழும் ஆழம், முன்னும் பின்னும் சேர்த்து, சுமார் 5 செ.மீ. எனவே விரல் நிற்க நினைத்த இடத்தைத் தாண்டி வளையம் ஐந்து பாகை குதித்துவிட்டால், தெளிவின் ஒரு பக்க எல்லை அதிலேயே முடிந்துவிடும். கண்ணுக்கு வைத்த குறி காதுமடலில் போய் நிற்கும்.

வளையத்துக்குள் இருப்பது ஹெலிகாய்டு எனப்படும் திருகுமரை அமைப்பு. அதாவது, ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்திய இரு உலோகக் குழல்களில் வெட்டப்பட்ட மரைகள், சுழற்சியை முன்பின் நகர்வாக மாற்றுகின்றன. அரைச் சுற்றில் 2.6 மி.மீ. நகர வேண்டுமானால் முழுச் சுற்றுக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற வேண்டும். அவ்வளவு சாய்வான ஒற்றை மரையை மெல்லிய குழலில் ஆழமாக வெட்ட இயலாது என்பதால், நுண்ணிய மரைகள் பல அருகருகே இணையாக வெட்டப்படுகின்றன. பல வாய்கள் கொண்ட இத்தகைய மரையைக் கழற்றினால், எந்த வாயிலிருந்து எது வெளிவந்ததோ அதே வாயில்தான் திரும்ப நுழைக்க வேண்டும். தவறினால் வளையம் ஒழுங்காகத் திரும்பும், ஆனால் தொலைவுக் கணக்கு முழுவதும் பிசகிவிடும். ஒரு குழல் பித்தளையாகவும் மற்றொன்று அலுமினியமாகவும் அமைவது பழைய லென்ஸ்களில் அடிக்கடி காணப்படுவதற்குக் காரணமும் உண்டு: அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு இறுகிவிடும் இயல்பு அந்த உலோகத்துக்கு இருக்கிறது.

இரு மரைகளுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவது கிரீஸ். எண்ணெயும் அந்த எண்ணெயைப் பிடித்துவைக்கும் சோப்பும் கலந்த பொருளே கிரீஸ் ஆகும்; வளையத்துக்கு எடையைத் தருவது அதுதான், உலோகம் அன்று. நல்ல நிலையில் உள்ள கிரீஸின் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்து அமைவதால், மெதுவாகத் திருப்பினால் வளையம் இளகிக் கொடுக்கிறது, வேகமாகத் திருப்பினால் தடுக்கிறது. விரலை எடுத்தவுடன் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் கசிந்து பிரிந்துபோய்ச் சோப்பும் தூசியும் மட்டும் எஞ்சும்போது, காய்ந்த பலாப்பால் போன்ற ஒரு பிசுக்கு மரைகளுக்கிடையே தங்கிவிடுகிறது. அப்போது எதிர்ப்பின் தன்மையே மாறிவிடுகிறது: அசையத் தொடங்குவதற்குத்தான் அதிக விசை தேவைப்படுகிறது, அசைந்துவிட்டாலோ எதிர்ப்புச் சட்டென்று குறைந்துவிடுகிறது, இதனால் வளையம் நின்று, குதித்து, மீண்டும் நிற்கிறது. மேலே சொன்ன ஐந்து பாகைக் குதிப்பு நிகழ்வது இந்த நிலையில்தான். எனவே ஒரு வளையம் கனமாக இருக்கிறது என்பதும், அது சிக்கிச் சிக்கித் திரும்புகிறது என்பதும் ஒரே குறையின் இரு அளவுகள் அல்ல. முதலாவது பெரும்பாலும் குறையே அன்று என்பதுதான் இங்கே நினைவுகூரப்படும் லென்ஸோடு நெடுநாள் பழகியதன் வழியாகக் கட்டுரையாளர் வந்தடைந்த கருத்து.

அந்த லென்ஸ், ஜூபிட்டர்-8 என்னும் பெயருடைய 50 மி.மீ., எஃப் 2 அளவுள்ள சோவியத் லென்ஸ். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் லூட்விக் பெர்டெலே வடிவமைத்த சோன்னார் லென்ஸின் வழிவந்த அதில் ஆறு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக அமைந்திருந்தன. ஸோர்க்கி-4 என்ற கேமராவோடு, சோவியத் நாட்டில் பொறியியல் பயின்று திரும்பிய உறவினர் ஒருவரின் பெட்டியில் பல்லாண்டுகள் கிடந்து, 1980களின் பிற்பகுதியில் அது கட்டுரையாளரின் கைக்கு வந்தது. அலுமினியக் குழல், தோலுறையில் பழைய எண்ணெய் வாசனை, தொடர் எண்ணின் தொடக்கத்தில் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் இலக்கங்கள் ஆகியவற்றோடு, இரு விரல்களால் திருப்ப முடியாத ஒரு வளையமும் அதற்கு வாய்த்திருந்தது. செய்தவர்களின் குறை என்று இதைச் சொல்வதற்கில்லை. பல கோடைகளைப் பெட்டிக்குள் அசையாமல் கழித்த எந்த லென்ஸுக்கும் இந்த நிலை வரும்.

இறுகிய வளையம் திருகி மாட்டும் கேமராவில் இன்னொரு தொல்லையையும் உண்டாக்குகிறது என்பதை அந்நாட்களில் கட்டுரையாளர் விரைவிலேயே கண்டறிந்தார். லைக்கா வகுத்துக்கொடுத்த 39 மி.மீ. திருகுவாயையே ஸோர்க்கியும் கொண்டிருந்தது. லென்ஸ் முழுவதும் ஒரு புட்டியின் மூடியைப் போலத் திருகி மாட்டப்படுவதால், வளையம் கேமராவின் திருகுவாயைவிட இறுக்கமாக இருக்கும்போது, ஒரு திசையில் திருப்பினால் வளையம் திரும்புவதற்குப் பதிலாக லென்ஸே கழன்று வரத் தொடங்கும். அது சிறிதளவே கழன்றாலும் உள்ளே உள்ள நெம்புகோல் தவறான இடத்தைத் தொட்டு, பொருந்தாத பிம்பங்களைப் பொருந்தியவையாகக் காட்டிவிடும். 1954இல் வந்த லைக்கா எம்3 திருகுவாயை விட்டுவிட்டு, சிறு சுழற்சியில் பூட்டிக்கொள்ளும் பயனெட் வாயை ஏற்றதால் லென்ஸ் மாற்றுவது விரைவானது என்றுதான் நூல்கள் பெரும்பாலும் குறிப்பிடுகின்றன. இறுகிய வளையத்தோடு போராடியவர்களுக்கு அந்தப் பூட்டு வேறொரு காரணத்துக்காகவும் அருமையானது. காண்டாக்ஸிலும் அதைப் பின்பற்றிய கீவ் கேமராக்களிலும் நிலைமை முற்றிலும் வேறு: அங்கே 50 மி.மீ. லென்ஸுக்குரிய திருகுமரை கேமராவின் உடலுக்குள்ளேயே இருந்தது, அதைத் திருப்ப ஒரு சிறு பற்சக்கரமும் உண்டு. ஆகவே அங்கே இறுக்கம் வந்தால் லென்ஸை மாற்றிப் பயனில்லை, கேமராவையே பிரித்தாக வேண்டும்.

குளிர் என்ன செய்யும் என்பதை உதகை காட்டியது. ஜனவரி மாத விடியலில், புல்வெளியில் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும் வேளையில், அந்த நகரிலேயே தயாரான ‘இந்து’ என்னும் பெயருடைய கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் நின்ற கட்டுரையாளருக்கு, சென்னையில் சிரமப்பட்டாவது திரும்பிய வளையம் அங்கே அறவே அசைய மறுத்தது. எண்ணெயின் பாகுத்தன்மை வெப்பம் குறையக் குறைய மிக விரைவாக ஏறும் என்பது இயற்பியல் நூல்கள் சொல்லும் செய்தி. அதை விரல் நுனியில் அறிவது வேறு. பலத்தைக் கூட்டி வளையத்தை இறுகப் பிடித்துத் திருப்ப முயன்றபோது அது மேலும் இறுகியது. மெல்லிய அலுமினிய வளையத்தை இரு பக்கமும் அழுத்தினால் அதன் வட்டம் நுண்ணளவில் நசுங்கி மரைகளை இன்னும் நெருக்கிப் பிடிக்கும் என்பதால், இத்தகைய லென்ஸை உள்ளங்கை முழுவதாலும் தளர்வாகப் பற்றித் திருப்புவதே தக்கது. அன்று வெயில் ஏறும்வரை லென்ஸைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி, வளையம் 5 மீட்டருக்குச் சற்று அப்பால் வந்து நின்ற இடத்திலேயே அதை விட்டுவிட்டு, துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கிப் படமெடுக்க வேண்டியிருந்தது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 10 மீட்டருக்குச் சற்று மேல் குறித்தால் சுமார் 5 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை தெளிவாக விழும் என்பது கணக்கு. 5 மீட்டரிலேயே வளையம் நின்றுவிட்டபோது தெளிவு சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து 10 மீட்டர்வரை கிடைத்தது, அதற்கப்பால் ஏரியின் மறுகரை மங்கலாகவே பதிந்தது. அந்தப் படங்களில் மறுகரையின் மங்கல், மூடுபனியின் விளைவு என்று பார்த்தவர்கள் பாராட்டியதுண்டு.

வெப்பமோ எதிர்த் திசையில் கெடுத்தது. சென்னையின் மே மாதத்தில் வளையம் ஓரளவு இளகியதைக் கண்டு, வெயிலில் வைத்தாலே லென்ஸ் சரியாகிவிடும் என்று நண்பர் வட்டத்தில் சிலர் அறிவுரை வழங்கினர். அந்த இளக்கம் தற்காலிகமானது என்பதோடு, சூட்டில் கிரீஸிலிருந்து பிரியும் எண்ணெய் கீழிறங்கி, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்களின்மீது படர்ந்துவிடுகிறது. ஒற்றை லென்ஸ் எஸ்எல்ஆர் கேமராவில் இது பெரும் கேடு, ஏனெனில் அங்கே பொத்தானை அழுத்தும் கணத்தில் இதழ்கள் தாமாகவே மூடிக்கொள்ள வேண்டும், எண்ணெய் அவற்றைத் தாமதப்படுத்தினால் படம் வெளிறிப்போகும். தொலைவுமானிக் கேமராவில் இதழ்களைக் கையால் திருப்பி முன்கூட்டியே வைத்துவிடுவதால் எண்ணெய்ப் படலம் அவற்றின் வேலையைக் குலைப்பதில்லை. ஆனால் அதே எண்ணெய் ஆவியாகி உள்கண்ணாடிகளின்மேல் மெல்லிய புகைப்படலமாகப் படிகிறது, எதிர்வெளிச்சத்தில் எடுக்கும் படங்களில் கறுப்பு கறுப்பாக விழாமல் சாம்பல் பூத்துவிடுகிறது. பழைய லென்ஸை வாங்குபவர்கள் இதழ்களில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். டார்ச் விளக்கைப் பின்னாலிருந்து அடித்து கண்ணாடியில் புகை தெரிகிறதா என்று பார்ப்பதுதான் இந்த வகை லென்ஸுக்கு மேலும் பயனுள்ள சோதனை.

இறுதியில் லென்ஸ் சர்வீஸுக்குப் போனது. முதலில் சென்ற கடையில் பழைய பிசுக்கை ஒயிட் பெட்ரோலால் கழுவி, இலகுவான ஒரு கிரீஸைத் தடவிக் கொடுத்தார்கள். வளையம் ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. கடையிலேயே அதைத் திருப்பிப் பார்த்த எவருக்கும் வேலை சிறப்பாக முடிந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும். கேமராவில் மாட்டிப் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் அந்த இலகுத்தன்மை எவ்வளவு பெரிய இடையூறு என்பது வெளிப்பட்டது. ஜூபிட்டர்-8இல் துளையை மாற்றும் வளையம் லென்ஸின் முன்விளிம்பில் இருக்கிறது. ஒவ்வோர் அளவிலும் தட்டி நிற்கும் பற்கள் அதில் இல்லை. எனவே துளையை மாற்றக் கை வைத்தவுடன் ஃபோகஸ் வளையமும் கூடவே நகர்ந்தது. தெருவில் நடக்கும்போது கேமரா சட்டையில் உரசினாலும் நகர்ந்தது. 3 மீட்டரில் குறித்து வைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் மனிதர்கள் வரும்போது சாளரத்தைப் பார்த்துப் பொருத்தாமலேயே படமெடுக்கும் முறை, தெருப் படமெடுப்பவர்களின் அடிப்படையான பழக்கம். வளையம் வைத்த இடத்தில் நிற்கவில்லை என்றால் அந்த முறைக்கே இடமில்லை. ஆகவே, இறுக்கத்தைவிட அதீத இளக்கமே தொலைவுமானிக் கேமராவுக்குப் பெரிய குறை என்று கூறுவது மிகையாகாது. தானியங்கி ஃபோகஸ் வந்த பின்னர், குறிப்பாக 1985இல் வெளிவந்த மினோல்டா 7000 அந்த முறையைப் பரவலாக்கிய பின்னர், சிறு மோட்டார் எளிதில் சுழற்ற வேண்டும் என்பதற்காக வளையங்கள் இலகுவாக்கப்பட்டன. அவற்றில் பழகிய கை, பழைய வளையம் ஒன்றைத் தொட்டவுடன் அதைப் பழுதானது என்று முடிவு கட்டிவிடுகிறது. கையின் இந்தப் பழக்கத்தைத் திருப்திப்படுத்துவதற்காக நல்ல நிலையில் உள்ள லென்ஸ்கள் பல பிரிக்கப்பட்டுத் தளர்த்தப்படுகின்றன என்பதைத் தவிர, அந்த முடிவால் வேறு பயன் எதுவும் விளைவதாகத் தெரியவில்லை.

லைக்காவின் பழைய எல்மார் லென்ஸில் முடிவிலாத் தொலைவில் வளையத்தைப் பூட்டி நிறுத்தும் சிறு பிடி ஒன்று உண்டு; பின்னால் வந்த 35 மி.மீ. லென்ஸ்கள் சிலவற்றில் விரல் பொருந்தும் குழிவான பிடி இருந்தது. அந்தப் பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை விரல் உணர்ந்தாலே, கேமராவைக் கண்ணுக்குத் தூக்காமல் தொலைவு என்ன என்று அறிய முடியும். இந்த அறிவு ஒரே சீரான எதிர்ப்பைச் சார்ந்தது. சீராக இருக்கும்வரை கனமான வளையமும் நாளடைவில் கைக்குப் பழகிவிடும். ஓரிடத்தில் இளகி ஓரிடத்தில் இறுகும் வளையம் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் பழகாது.

இரண்டாவதாக லென்ஸைப் பார்த்தவர், கடிகாரங்களும் பழைய கேமராக்களும் சீர்செய்யும் ஒரு முதியவர். லென்ஸை வாங்கியவுடன் அவர் அதைப் பிரிக்கவில்லை. முதலில் மிக மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் திருப்பிப் பார்த்தார். கேமராவிலிருந்து கழற்றி ஒருமுறையும் மாட்டி ஒருமுறையும் திருப்பினார், ஏனெனில் உள்ளே உள்ள நெம்புகோலின் ஸ்பிரிங் லென்ஸைப் பின்னாலிருந்து தள்ளும்போது மட்டும் தோன்றும் தடை லென்ஸைச் சேர்ந்ததன்று. பின்னர், “லூசா இருக்குறது வேற விஷயம் தம்பி, நடுவுல ஒரு இடத்துல புடிக்குது பாருங்க” என்று சொல்லி, ஒன்றரை மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடையில் வளையத்தை நிறுத்திக் காட்டினார். முந்தைய பிசுக்கின் கனமும் அதன்பின் வந்த மெல்லிய கிரீஸின் வழுக்கலும் மறைத்துவைத்திருந்த தேய்மானம் அது. நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றும், தூசி கலந்த பிசுக்கோடு பலவந்தமாகத் திருப்பப்பட்டும் மரையின் ஒரு பகுதி கரடாகியிருந்தது.

அவருடைய வேலைமுறையில் கட்டுரையாளருக்கு இன்றும் நன்கு நினைவிருப்பது, குழல்கள் பிரியும் கணத்தை அவர் பிடித்த விதம். வளையத்தை நிறுத்தியிருந்த சிறு திருகுகளை எடுத்த பின், மிக மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, இரு குழல்களும் ஒன்றையொன்று விடும் இடத்தில் நின்று, அந்த இடத்தைக் குறிக்கும் வகையில் இரண்டிலும் ஊசியால் ஒரு கீறல் போட்டார். பல வாய் மரையில் அந்தக் கீறலை விட்டால் வேறு வழிகாட்டி கிடையாது. கரடான பகுதியைத் தேய்த்து மெருகேற்றச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மெருகேற்றும் பசை அந்த ஓரிடத்தோடு நிற்காது, மரை முழுவதையும் தேய்த்துவிடும், தேய்ந்துபோன உலோகத்தை எந்தக் கிரீஸும் ஈடுசெய்யாது என்பது அவர் கணிப்பு. பிற்காலத்தில் அவ்வாறு மெருகேற்றிப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிய லென்ஸ்களைக் கண்டபோது அது சரியென்று உறுதியாயிற்று. பழையதை முற்றிலும் கழுவி எடுத்துவிட்டு, பாகுத்தன்மை மிகுந்த கிரீஸை மிகச் சிறிதளவே தடவி, வளையத்தைப் பலமுறை முன்னும் பின்னும் ஓட்டி, விளிம்பில் பிதுங்கி வந்ததைத் துணியால் துடைத்தெடுத்தார். அதிகமாகத் தடவிய கிரீஸ் கடைசியில் இதழ்களுக்குத்தான் போய்ச் சேரும்.

திரும்பி வந்த லென்ஸின் வளையம் முதல் சர்வீஸுக்குப் பின் இருந்ததைவிடத் தெளிவாகக் கனமாக இருந்தது, துளையை மாற்றும்போது அசையவில்லை. ஒன்றரை மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடையிலான பிடிப்பு முழுதும் போகவில்லை, ஆனால் குதிப்பு நின்றுவிட்டது. அந்தப் பகுதியில் முகங்களைப் படமெடுக்கும்போது, வளையத்தை எப்போதும் தொலைவிலிருந்து அருகை நோக்கி ஒரே திசையில் மட்டும் கொண்டுவந்து பிம்பங்களைப் பொருத்தும் வழக்கத்தைக் கட்டுரையாளர் ஏற்படுத்திக்கொண்டார். மரைகளுக்கிடையே இருக்கும் நுண்ணிய தளர்ச்சியும் அந்தப் பிடிப்பும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகவே வந்து சேர்வதால், பொருத்தம் தாண்டிப் போய்விட்டால் அங்கிருந்தே பின்னுக்குத் திருத்தாமல், வளையத்தை நன்றாகத் தொலைவுப் பக்கம் கொண்டுபோய் மீண்டும் தொடங்குவதே துல்லியமாக அமைந்தது. வேறு நல்ல லென்ஸ்கள் கைக்கு வந்த பின்னும் கட்டுரையாளர் அவற்றை இதே திசையில்தான் திருப்புகிறார்.